இங்கிலீஷ் வார்த்தைகள் மனதில் நிற்க வேண்டுமா?

தினம் 5 வார்த்தை போதும். ஆண்டு முடிவில் 1,825!

ஒரே ஒரு வார்த்தை. அதற்குப் பொருள் தெரியாமல் தவியாய்த் தவித்தான் ஒரு சிறுவன்.

அவன் ஓர் அடிமை. அமெரிக்காவில் மேரிலாந்து என்னும் மாநிலத்தில் 1818-ம் ஆண்டு பிறந்தவன். பெயர், பிரெடரிக் டக்ளஸ்.

சுமார் 8 வயதில் பால்டிமோர் நகரில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்கு அவனை வேலைக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டு எஜமானி முதலில் இளகிய மனம் உள்ளவளாக இருந்தாள். "ஏ, பி, சி" சொல்லிக் கொடுத்தாள். மூன்று எழுத்து, நான்கு எழுத்து வார்த்தைகளையும் கற்றுக் கொடுத்தாள்.

இது எஜமானருக்குத் தெரிந்தது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. படிப்பு வந்தால் அடிமை அடங்கி இருக்க மாட்டான் என்பது அவருடைய பயம். பாடம் அன்றோடு நின்றது.

ஆனால் சிறுவன் விடவில்லை. கடைக்குப் போகும்போது ரொட்டித் துண்டுகளை எடுத்துக்கொண்டு போவான். தெருவில் ஏழை வெள்ளைக்காரப் பையன்கள் பசியோடு விளையாடிக் கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு ரொட்டியைக் கொடுப்பான். பதிலுக்கு அவர்கள் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ரொட்டிக்கு வார்த்தை! இதுதான் பேரம்!

பெரியவர்கள் பேசும்போது "அபாலிஷன்" என்ற வார்த்தை அடிக்கடி அவன் காதில் விழுந்தது. ஓர் அடிமை தப்பி ஓடினால் அந்த வார்த்தையைச் சொல்லித் திட்டினார்கள். அது தன்னைப் பற்றிய வார்த்தை என்று அவனுக்குத் தோன்றியது. பொருள்தான் தெரியவில்லை.

அகராதியைப் பார்த்தான். "அபாலிஷ் செய்தல்" என்று போட்டிருந்தது! எதை அபாலிஷ் செய்வது? அது அகராதியில் இல்லை. யாரையாவது கேட்கலாம் என்றால், அடி விழுமோ என்று பயம்.

ஒரு நாள் ஒரு செய்தித்தாள் கிடைத்தது. அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்று நாட்டின் வடக்குப் பகுதி மக்கள் மனுக் கொடுத்த செய்தி அதில் இருந்தது. அந்தச் செய்திக்கு நடுவே, அதே "அபாலிஷன்"!

பொருள் பளிச்சென்று விளங்கிவிட்டது. அபாலிஷன் என்றால் ஒழிப்பு. அடிமை முறை ஒழிப்பு. தன்னைப் போன்றவர்களின் விடுதலைக்காகப் பாடுபடும் மனிதர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்!

1838-ம் ஆண்டு அவர் அடிமைத் தளையில் இருந்து தப்பினார். 1845-ல் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். கேட்டவர் உள்ளத்தை உருக்கும் பேச்சாளர் ஆனார். அடிமை ஒழிப்பு இயக்கத்தின் தலைவர்களில் ஒருவராக விளங்கினார்.

அகராதியில் கிடைக்காத பொருள் செய்தித்தாளில் கிடைத்தது எப்படி?

அகராதியில் வார்த்தை தனியாக நிற்கிறது. செய்தியில் அது தன் கூட்டத்தோடு நிற்கிறது.

வார்த்தையும் மனிதனைப் போலத்தான். அதற்கும் குடும்பம் உண்டு. தோழர்கள் உண்டு. அடிக்கடி பார்த்தால் மனதில் இருக்கும். பார்க்காமல் விட்டால் மறந்து போகும். இந்த உண்மையைத் தெரிந்துகொண்டால், இங்கிலீஷ் வார்த்தைகளை யாரும் கற்கலாம்.

4 லட்சமா, 2 ஆயிரமா?

இங்கிலீஷில் எத்தனை வார்த்தைகள் இருக்கின்றன?

ஆக்ஸ்போர்டு பேரகராதியின் முதல் பதிப்பு 1884-ல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கியது. வந்து முடிந்தது 1928-ல். அதில் உள்ள வார்த்தைகள் 4 லட்சத்து 14 ஆயிரத்து 825!

அந்த மாபெரும் அகராதியின் ஆசிரியராகப் பல ஆண்டுகள் உழைத்தவர் ஜேம்ஸ் முர்ரே. ஸ்காட்லாந்து நாட்டுக்காரர். அவர் பள்ளிக்கூடப் படிப்பை நிறுத்தியபோது வயது என்ன தெரியுமா? பதினான்குதான்! மேலே படிக்க வைக்கப் பெற்றோரிடம் வசதி இல்லை. மீதியை அவரே கற்றுக்கொண்டார்.

"4 லட்சம் வார்த்தையா? நம்மால் ஆகாது!" என்று மலைக்க வேண்டாம். அத்தனையும் தெரிந்த மனிதர் இங்கிலாந்திலேயே கிடையாது.

மைக்கேல் வெஸ்ட் என்று ஓர் இங்கிலீஷ்காரர். அன்றைய வங்காளத்தில், டாக்கா நகரில் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். அங்கே பிள்ளைகள் இங்கிலீஷ் படிக்கத் திணறுவதைப் பார்த்தார். பாடப் புத்தகங்களில், எப்போதோ ஒரு முறை வரும் அபூர்வமான வார்த்தைகள் நிறைய இருந்தன. அடிக்கடி வரும் வார்த்தைகளை முதலில் கற்பித்தால் என்ன என்று அவர் யோசித்தார்.

1953-ல் அவர் வெளியிட்ட பட்டியலில் இருப்பவை சுமார் 2 ஆயிரம் வார்த்தைகளே. சாதாரணமாக எழுதப்படும் இங்கிலீஷில் 100 வார்த்தைக்குச் சுமார் 80 வார்த்தை இந்தப் பட்டியலில் அடங்கிவிடுகிறது!

ஆகவே, முதலில் பிடிக்க வேண்டியது கடினமான வார்த்தைகளை அல்ல. வீடு, சாப்பாடு, பணம், நேரம், உடம்பு, வேலை, பயணம் - இவை பற்றிய வார்த்தைகளைத்தான்.

பாட்டிக்கும் தெரியும் இங்கிலீஷ்!

இதிலும் ஒரு பகுதி உங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

பஸ், டிக்கெட், ஸ்டேஷன், பேங்க், லோன், பில், பல்ப், ஸ்விட்ச். இவற்றைச் சொல்லாத வீடு உண்டா? பள்ளிக்கூடமே போகாத பாட்டிகூட, "கரண்ட் போய்விட்டது" என்கிறார்.

ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை. நம் ஊருக்கு வந்த இங்கிலீஷ் வார்த்தை சில சமயம் பொருள் மாறி நிற்கும். அல்லது பல பொருள்களில் ஒன்றை மட்டும் கொண்டு வந்திருக்கும்.

நமக்கு "ஹோட்டல்" என்றால் இட்லி, தோசை சாப்பிடும் இடம். இங்கிலீஷ்காரருக்கு அது தங்கும் விடுதி. சாப்பிடும் இடத்தை "ரெஸ்டாரண்ட்" என்பார்.

வேலைக்கு மனுப் போடும் படிவத்தில் "கரண்ட் அட்ரஸ்" என்று கேட்டிருப்பார்கள். இதற்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தம் இல்லை. இப்போது குடியிருக்கும் முகவரி என்பதே பொருள். ஆற்றின் நீரோட்டத்துக்கும் இங்கிலீஷில் "கரண்ட்" என்றே பெயர்.

மூன்றுக்கும் என்ன தொடர்பு? "ஓடுதல்" என்ற பொருள் உள்ள பழைய லத்தீன் வார்த்தையில் இருந்து பிறந்தது கரண்ட். கம்பியில் ஓடுவது மின்சாரம். ஆற்றில் ஓடுவது வெள்ளம். இப்போது ஓடிக்கொண்டிருப்பது இந்தக் காலம். அடிப்படை தெரிந்தால் மூன்று பொருளும் ஒரே நேரத்தில் மனதில் பதிகிறது அல்லவா?

கொடுத்து வாங்கிய மொழி அது! தமிழில் இருந்தும் வார்த்தைகள் இங்கிலீஷுக்குப் போயிருக்கின்றன. நம் கட்டுமரம் அங்கே "கட்டமரான்". சுருட்டு, "செரூட்". மிளகுத் தண்ணீர், "மல்லிகடானி". கறி, "கர்ரி". இங்கிலீஷ் முழுவதும் அந்நியம் என்று எண்ணிப் பயப்படுவதற்கு இடமே இல்லை.

வார்த்தைக்கும் குடும்பம் உண்டு

தமிழில் "படி" என்ற வார்த்தை தெரிந்தவருக்கு, படிப்பு, படித்தவர், படிப்பாளி, படிக்காதவர் எல்லாம் தானாகவே விளங்கும். இங்கிலீஷிலும் இப்படியே.

ரெயில் நிலையத்தில் பெட்டி சுமப்பவர் "போர்ட்டர்". லத்தீன் மொழியில் இதன் வேர் வார்த்தைக்கு, "சுமந்து செல்" என்று பொருள்.

அதற்கு முன்னால் "எக்ஸ்" என்று சேருங்கள். எக்ஸ் என்றால் வெளியே. சரக்கை வெளிநாட்டுக்குச் சுமந்து செல்வது "எக்ஸ்போர்ட்". திருப்பூர்ப் பனியன் அப்படித்தான் போகிறது. "இம்" என்றால் உள்ளே. சரக்கை நாட்டுக்குள் கொண்டு வருவது "இம்போர்ட்". "டிரான்ஸ்" என்றால் ஓரிடம் கடந்து இன்னோரிடம். அங்கிருந்து இங்கே சுமந்து போவது "டிரான்ஸ்போர்ட்".

ஒரு வேர்; நான்கு வார்த்தை!

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் வரிசையாகப் பலகைகள் தொங்கும். எல்லாம் வாயில் நுழையாத பெயர்கள். நோயாளியை வைத்துக்கொண்டு எந்த வாசலில் நிற்பது என்று தெரியாமல் திண்டாடுகிறவர்கள் எத்தனையோ பேர்!

இதோ வழி: கடைசியில் "லஜி" என்று முடிந்தால், அது ஒரு துறையைப் பற்றிய படிப்பு. "கார்டியா" இதயம்; கார்டியாலஜி, இதய நோய்ப் பிரிவு. "நியூரா" நரம்பு, நியூராலஜி, நரம்பு நோய்ப் பிரிவு. "நெஃப்ரா" சிறுநீரகம், நெஃப்ராலஜி. "டெர்மட்டா" தோல், டெர்மட்டாலஜி.

"ஐட்டிஸ்" என்று முடிந்தால், அந்த உறுப்பில் அழற்சி, அதாவது வீக்கமோ புண்ணோ என்று பொருள். தொண்டையில் உள்ள டான்சிலில் வந்தால் "டான்சிலைட்டிஸ்". மூட்டில் வந்தால் "ஆர்த்ரைட்டிஸ்".

பணத்தைக் காப்பாற்றும் வார்த்தைக் குடும்பமும் உண்டு. டிக்கெட்டின் மூலையில் சின்ன எழுத்தில், "நான்-ரீஃபண்டபிள்" என்று அச்சடித்திருப்பார்கள். நீளத்தைக் கண்டு தாண்டிப் போகாதீர்கள். பிரித்துப் பாருங்கள். "ரீஃபண்ட்" என்றால் கொடுத்த பணத்தைத் திருப்பித் தருதல். "ஏபிள்" என்றால் கூடிய. "நான்" என்றால் அல்லாத. (இது நம் தமிழ் "நான்" அல்ல!) மூன்றையும் சேர்த்தால், "பணம் திருப்பித் தரப்பட மாட்டாது". கையெழுத்துப் போடும் முன், காசு கொடுக்கும் முன், தெரிந்திருக்க வேண்டிய வார்த்தை இது.

இன்னொரு எச்சரிக்கை. ஒரே சத்தம் உள்ளவை எல்லாம் உறவு ஆகிவிடா. "பாஸ்போர்ட்" என்பதில் உள்ள "போர்ட்" சுமப்பது அல்ல, துறைமுகம். ஊகித்த பிறகு அகராதியில் ஒரு முறை சரிபார்ப்பது நல்லது. சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ் அகராதி நூலகங்களில் கிடைக்கும். அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமை ஆசிரியராகக் கொண்டு உருவான அகராதி அது.

தோழனையும் சேர்த்துப் பிடியுங்கள்

தமிழில் மழை பெய்கிறது. காற்று வீசுகிறது. வெயில் அடிக்கிறது. "வெயில் பெய்கிறது" என்று யாராவது சொன்னால் சிரிக்க மாட்டோமா?

இங்கிலீஷிலும் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ஜோடி உண்டு. பெரிய மழை என்பதை "பிக் ரெயின்" என்று சொன்னால் இங்கிலீஷ்காரர் சிரிப்பார். "ஹெவி ரெயின்" என்பதே வழக்கு. ஹெவி என்றால் கனமான. நாமும் "கனமழை" என்கிறோமே! கடுப்பான டீ, "ஸ்ட்ராங் டீ". தவறு செய்வது "மேக் ஏ மிஸ்டேக்". வீட்டுப்பாடம் செய்வது "டூ ஹோம்ஒர்க்". தமிழில் இரண்டுக்கும் "செய்" என்போம். அவர்களுக்கு ஒன்று "மேக்", மற்றது "டூ".

ஆகவே, நோட்டுப் புத்தகத்தில் வார்த்தையைத் தனியாக எழுதாதீர்கள். அது வந்த சிறு வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள். "ரெயின் - மழை" என்று எழுதுவதைவிட, "நேற்று ஹெவி ரெயின்" என்று எழுதினால் இரண்டு வார்த்தை பதியும். அவற்றின் நட்பும் பதியும்.

செய்தித்தாள் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. முதலில் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு செய்தியைப் படியுங்கள். பிறகு அதே செய்தியை இங்கிலீஷ்ப் பத்திரிகையில் பாருங்கள். விஷயம் ஏற்கனவே தெரியும். எனவே தெரியாத வார்த்தைக்கும் பொருள் தானாகவே புலப்படும். சிறுவன் டக்ளசுக்கு "அபாலிஷன்" விளங்கியது இப்படித்தான். கிரிக்கெட் செய்தியில் தொடங்கலாம். மழை, வெயில் பற்றிய செய்தியிலும் தொடங்கலாம்.

ஆடா, கோட்டா?

தமிழ் எழுத்தில் மட்டும் எழுதிக்கொண்டு இங்கிலீஷ் படிப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு.

"கோட்" என்று எழுதினால், சட்டைக்கு மேல் போடும் கோட்டா, மே என்று கத்தும் ஆடா? இரண்டையும் நாம் ஒரே மாதிரி எழுதுகிறோம். "பெட்" என்றால் படுக்கும் கட்டிலா, வீட்டில் வளர்க்கும் நாய்க்குட்டியா? தமிழில் வல்லினத்துக்கு ஒரே எழுத்து. இங்கிலீஷில் அழுத்தமான ஒலிக்கு ஓர் எழுத்து. மெலிந்த ஒலிக்கு வேறு எழுத்து.

ஆகவே, வார்த்தையை இங்கிலீஷ் எழுத்திலேயே எழுதிப் பழகுங்கள். பக்கத்தில் பொருளைத் தமிழில் போடுங்கள். ஒலியைக் காதால் கேளுங்கள். இன்று கைபேசியில் உள்ள அகராதிகள் வார்த்தையை உரக்கச் சொல்லிக் காட்டுகின்றன. கேட்டவுடன் நீங்களும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு முறை அல்ல, மூன்று முறை.

வானொலியில் முதலில் தமிழ்ச் செய்தி, பிறகு இங்கிலீஷ்ச் செய்தி என்று கேட்பதும் நல்ல பயிற்சி.

மறதிக்கு மருந்து

"படித்தேன், மறந்துவிட்டது" என்பது எல்லோருடைய புலம்பல். இது புத்திக் குறைவு அல்ல. மனித மூளையின் இயல்பு.

ஹெர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதனைப் பொருளாக வைத்து ஆராய்ந்தார். பொருள் இல்லாத அசைகளை மனப்பாடம் செய்வார். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கு எடுப்பார். 1885-ல் முடிவை வெளியிட்டார்.

ஒரே நாளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது! அதற்குப் பிறகு மறதியின் வேகம் குறைந்துவிட்டது.

பொருள் உள்ள வார்த்தைகள் இவ்வளவு வேகமாக மறப்பதில்லை. ஆனாலும் முதல் நாள்தான் ஆபத்தான நாள். இன்று படித்ததை நாளை ஒரு முறை பார்க்க வேண்டும். பிறகு மூன்று நாள் கழித்து. பிறகு ஒரு வாரம் கழித்து. ஒரே நாளில் 20 முறை படிப்பதைவிட, பல நாட்களில் 5 முறை படிப்பது மேல். செடிக்குத் தண்ணீர் விடுவது போல!

இதற்குச் செலவில்லாத ஒரு முறை இருக்கிறது. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய புத்தகத்தின் மூலம் இதைப் பரப்பினார்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளைச் சிறு சிறு சீட்டுகளாக வெட்டுங்கள். வெற்றுப் பக்கத்தில் இங்கிலீஷ் வார்த்தையை எழுதுங்கள். மறுபக்கத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி, தமிழ்ப் பொருளையும் ஒரு சிறு வாக்கியத்தையும் எழுதுங்கள். காலி மிட்டாய்ப் பெட்டி ஒன்றில் மூன்று அறைகள் தடுத்துக்கொள்ளுங்கள்.

புதுச் சீட்டு முதல் அறையில் இருக்கட்டும். அதைத் தினமும் பார்க்க வேண்டும். பொருள் சரியாகச் சொன்னால் சீட்டு இரண்டாம் அறைக்குப் போகும். அது மூன்று நாளுக்கு ஒரு முறை. அங்கும் சரியாகச் சொன்னால் மூன்றாம் அறை. அது வாரத்துக்கு ஒரு முறை. தவறினால், சீட்டு மீண்டும் முதல் அறைக்கே திரும்பும்.

தெரிந்த வார்த்தைக்கு நேரம் குறைவு. தெரியாத வார்த்தைக்கு நேரம் அதிகம். இதுவே இந்தப் பெட்டியின் சூட்சுமம்.

சிறையில் ஓர் அகராதி

அமெரிக்காவில் கறுப்பு மக்களின் தலைவராக விளங்கியவர் மால்கம் எக்ஸ். வாலிப வயதில் குற்றம் செய்து சிறைக்குப் போனவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்.

1940-களின் கடைசியில் சிறையில் இருந்து கடிதம் எழுத முயன்றார். நினைத்ததை எழுத வார்த்தை வரவில்லை. புத்தகத்தை எடுத்தால் பாதி வார்த்தை புரியவில்லை.

ஓர் அகராதியும் நோட்டும் பென்சிலும் வாங்கினார். முதல் பக்கத்தை, புள்ளி கமா விடாமல், அப்படியே தம் கையால் எழுதினார். அதற்கே ஒரு நாள் ஆனது. பிறகு எழுதியதை எல்லாம் தமக்குத் தாமே உரக்கப் படித்தார். மறுநாள் காலையில் அந்த வார்த்தைகளை நினைவுபடுத்திப் பார்த்தார். நினைவுக்கு வராதவற்றை மீண்டும் பார்த்தார். பிறகுதான் அடுத்த பக்கம்.

பக்கம் பக்கமாக இப்படி எழுதிய பிறகு, புத்தகங்கள் புரியத் தொடங்கின. அதன் பின் அவர் படிக்காத நேரமே இல்லை. 1965-ல் வெளிவந்த அவருடைய சுயசரிதையில் இந்த விவரங்கள் இருக்கின்றன.

எல்லோரும் அகராதியைப் பார்த்து எழுத வேண்டியது இல்லை. அவர் செய்த மூன்று காரியங்களைக் கவனியுங்கள். கையால் எழுதினார். வாயால் சொன்னார். மறுநாள் நினைத்துப் பார்த்தார். இதை ஐந்து வார்த்தைக்குச் செய்தாலும் பலன் உண்டு.

மூடி வைத்து எழுதுங்கள்

பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. பேசும்போதும் எழுதும்போதும் அந்த வார்த்தை கைக்கு வர வேண்டும்.

இதற்கு வழி கண்டவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1706-ல் பாஸ்டன் நகரில் பிறந்தவர். 10 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். அண்ணனுடைய அச்சகத்தில் வேலை செய்தார். படிக்கக் கிடைத்த நேரம் இரவும், விடியற்காலையும், ஞாயிற்றுக்கிழமையுமே.

"ஸ்பெக்டேட்டர்" என்ற இங்கிலீஷ்ப் பத்திரிகையின் ஒரு தொகுப்பு அவருக்குக் கிடைத்தது. அதில் ஒரு கட்டுரையைப் படிப்பார். ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சில வார்த்தைகளில் குறித்துக்கொள்வார். புத்தகத்தை மூடிவிடுவார். சில நாள் கழித்து, குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரையைத் தம் சொந்த வார்த்தைகளில் எழுதுவார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார்.

எந்த இடத்தில் தமக்கு வார்த்தை கிடைக்கவில்லை என்பது அப்போது தெரிந்துவிடும் அல்லவா? அவரே பிற்காலத்தில் பெரிய எழுத்தாளராகவும் விஞ்ஞானியாகவும் ராஜதந்திரியாகவும் புகழ் பெற்றார்.

நீங்கள் நான்கு வரிச் செய்தியை வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாம். தப்பு வந்தால் வரட்டும். தப்பு வந்த வார்த்தைதான் நன்றாகப் பதியும்.

கேட்பது அவமானம் அல்ல

இங்கிலீஷ் வராமல் போவதற்குப் பெரிய காரணம் மறதி அல்ல, வெட்கம். "தெரியாது" என்று சொல்ல வெட்கம். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே என்று வெட்கம்.

மருந்துச் சீட்டில் "பிஃபோர் ஃபுட்" என்று இருக்கும். சாப்பாட்டுக்கு முன் என்று பொருள். "ஆஃப்டர் ஃபுட்" என்றால் சாப்பிட்ட பின். மருந்து அட்டையில் "எக்ஸ்பைரி டேட்" என்று இருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு மருந்தைச் சாப்பிடக் கூடாது. இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கப்பட்டால், கஷ்டப்படப் போவது நம் உடம்புதானே!

பள்ளியில் படிக்கும் பிள்ளை அம்மாவுக்கு வார்த்தை சொல்லிக் கொடுக்கலாம். அம்மா தப்பாகச் சொன்னால் பிள்ளை சிரிக்கக் கூடாது. அதுபோலவே, பிள்ளை தப்பாகச் சொன்னால் அப்பா அதட்டக் கூடாது. சிரிப்பும் அதட்டலும் இல்லாத வீட்டில் எந்த மொழியும் சீக்கிரம் வரும்.

தினம் அரை மணி நேரம்!

வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு திட்டம்:

காலையில் 5 நிமிடம். அன்றைய 5 வார்த்தைகளைச் சீட்டில் எழுதுங்கள். எங்கே தேடுவது என்று கவலை வேண்டாம். சோப்பு உறை, பஸ்சில் ஒட்டிய விளம்பரம், மின்சார பில், மருந்து அட்டை. எல்லாமே பாடப் புத்தகங்கள்!

வேலைக்குப் போகும் வழியில் 10 நிமிடம். கடைப் பலகைகளைப் படியுங்கள். தெரியாத ஒரு வார்த்தையைக் குறித்து வையுங்கள்.

இரவில் 10 நிமிடம். மிட்டாய்ப் பெட்டியைத் திறந்து, ஒருவர் சீட்டை எடுக்க, மற்றவர் பொருள் சொல்லட்டும்.

படுக்கும் முன் 5 நிமிடம். அன்றைய 5 வார்த்தைகளில் ஒவ்வொன்றையும் வைத்து, உங்கள் வாழ்க்கையைப் பற்றி ஒரு சிறு வாக்கியம் எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை புது வார்த்தை வேண்டாம். விளையாட்டு வையுங்கள். ஒருவர் ஒரு வார்த்தை சொல்ல, அதன் கடைசி எழுத்தில் தொடங்கும் வார்த்தையை அடுத்தவர் சொல்ல வேண்டும். பாட்டுக்குப் பாட்டு போல, இது வார்த்தைக்கு வார்த்தை! ஜெயித்தவருக்கு ஒரு கடலை மிட்டாய்.

ஞாயிறு விட்டுப் போன 5 வார்த்தையை மற்ற நாட்களில் ஒன்றிரண்டாகக் கூட்டிக்கொண்டால், ஆண்டுக்கு 1,825 வார்த்தை. மைக்கேல் வெஸ்ட் சொன்ன 2 ஆயிரத்தை ஏறக்குறைய எட்டியாகிவிட்டது! அடுத்த ஆண்டு வேலைப் படிவத்தை நீங்களே நிரப்பலாம். டாக்டர் சீட்டை நீங்களே படிக்கலாம். கையெழுத்துக் கேட்டு யாராவது காகிதத்தை நீட்டினால், "இருங்கள், படித்துவிட்டுப் போடுகிறேன்" என்று சொல்லலாம்.

முதல் ஐந்து வார்த்தைக்கு எங்கும் அலைய வேண்டாம். அடுப்படியில் இருக்கும் தீப்பெட்டியில் இருந்தே தொடங்குங்கள்!